மேலாளரிடம் ‘ரிலாக்ஸ்’ சொல்லலாமா?

கேள்வி: அறிக்கை ஏன் இன்னும் வரவில்லை என்று மேலாளர் வாட்ஸ்அப்பில் கேட்டார். அவர் பதறக் கூடாதே என்று ‘ரிலாக்ஸ் சார்’ என்று பதில் போட்டேன். அன்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அகராதியில் ‘ஓய்வெடு, இளைப்பாறு’ என்றுதானே இருக்கிறது? எங்கே தவறு?

பதில்: இலக்கணத்தில் ஒரு தவறும் இல்லை. ஆள் பார்த்துச் சொல்லவில்லை, அவ்வளவுதான். அவசரத்தில் இருப்பவரிடம் வெறுமனே ‘ரிலாக்ஸ்’ என்றால் அவர் காதில் ‘ஓய்வெடுங்கள்’ என்று விழாது. ‘எதுக்கு இப்படிக் குதிக்கிறீங்க?’ என்றுதான் விழும். பின்னால் ஒரு ‘சார்’ ஒட்டினால் மரியாதை வந்துவிடுமா? ‘எதுக்குக் குதிக்கிறீங்க சார்’ என்று ஒரு முறை சொல்லிப் பாருங்கள், தெரியும்.

உங்களைக் குறை சொல்ல மாட்டேன். ‘30 நாளில் சரளமான ஆங்கிலம்’ என்று கூவி விற்கிறார்களே, அவர்கள் செய்கிற வேலை இது. ரிலாக்ஸ், சில், டேக் இட் ஈஸி, காம் டவுன் எல்லாம் ஒன்றுதான் என்று பட்டியல் போட்டுக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்வார்கள். கோபமாக இருப்பவரிடம் ‘காம் டவுன்’ சொல்லிப் பாருங்கள், ரிலாக்ஸே பரவாயில்லை என்றாகிவிடும். பள்ளிக்கூடம் மட்டும் என்ன வாழ்கிறது? வருடக்கணக்காக ஒத்த சொல், எதிர்ச்சொல், மதிப்பெண். எந்தச் சொல்லை யாரிடம் சொல்லலாம் என்று கேட்ட வினாத்தாளை நான் பார்த்ததே இல்லை.

இந்தச் சொல்லின் வேர் லத்தீனில் உள்ள ‘லாக்ஸுஸ்’. நெகிழ்ந்தது, தளர்ந்தது என்று பொருள். மலமிளக்கிக்கு ‘லாக்ஸேட்டிவ்’ என்று பெயர் வந்ததும் அதே வேரிலிருந்துதான். ஆகவே பிடியைத் தளர்த்துவது, விதிகளைத் தளர்த்துவது, இறுகிய தசை தளர்வது எல்லாமே ரிலாக்ஸ்தான். தமிழில் தளர், தளர்த்து என்று இரண்டு இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரே சொல் இரண்டுக்கும் ஓடுகிறது. ஆனால் நம்மிடம் மனம் தளர்ந்தால் அது சோர்வு. அவர்களுக்கு மைண்ட் ரிலாக்ஸ் ஆனால் நிம்மதி. சொல்லுக்குச் சொல் மனப்பாடம் செய்தவர்கள் இங்கேதான் குப்புற விழுகிறார்கள்.

இன்னொன்று, ‘ரிலாக்ஸ் யுவர்செல்ஃப்’ வேண்டாம். ‘ரிலாக்ஸ்’ என்றாலே தானாக ஆசுவாசப்படுவது உள்ளே வந்துவிடுகிறது. அப்படியானால் பின்னால் எதுவுமே வரக் கூடாதா என்று கேட்பீர்கள். வரலாம். ‘ரிலாக்ஸ் யுவர் ஷோல்டர்ஸ்’ என்று உடற்பயிற்சி ஆசிரியர் சொல்வது சரி, ஏனென்றால் தோள் உங்கள் உடம்பின் ஒரு பகுதி, முழு ‘நீங்கள்’ அல்ல. ‘த மியூசிக் ரிலாக்ஸ்ட் மீ’ என்பதும் சரி, அங்கே தளர்த்தியது இசை. உங்களை நீங்களே முழுசாகத் தளர்த்திக்கொள்ளும்போது மட்டும் அந்த ‘யுவர்செல்ஃப்’ தேவையில்லை. இசை ‘ரிலாக்சிங்’, கேட்கிற நீங்கள் ‘ரிலாக்ஸ்ட்’. ‘ஐ ஃபீல் ரிலாக்சிங்’ தப்பு. காய்ச்சலில் படுத்திருப்பவரிடம் சொல்ல வேண்டியது ‘ரெஸ்ட்’.

மேலாளர் விஷயத்துக்கு வருவோம். அவருக்கு வேண்டியது ஆறுதல் அல்ல, அறிக்கை எத்தனை மணிக்கு வரும் என்கிற பதில். ‘சாரி ஃபார் த டிலே சார், யூ வில் ஹாவ் இட் பை ஃபோர்’ என்று அனுப்பியிருந்தால் முடிந்திருக்கும். அடுத்த முறை அதைச் செய்யுங்கள். நாலு மணிக்கு முன்னால் அறிக்கையும் போய்ச் சேரட்டும்.