ஓட்டைச் சுண்டிப் பாருங்கள்

(வீடு கட்டுவது பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, தக்கலைப் பக்கத்தில் 41 ஆண்டுகள் கரண்டி பிடித்த கொத்தனார் ஒருவர் பதில் சொல்கிறார்.)

அப்பா கட்டிய ஓட்டு வீட்டுக்கு 58 வயது. இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. சுவரின் அடிப்பகுதி பொரிந்து உதிர்கிறது. இடித்துவிட்டுக் கான்கிரீட் வீடு கட்டு என்கிறார் அண்ணன். ஒக்கிப் புயல் அடித்தபோது முன்பக்க ஓடுகள் பறந்ததைப் பார்த்த என் மனைவிக்கு ஓடு என்றாலே பயம். என்ன செய்யலாம்?
- வாசகர், கருங்கல்

தம்பி, இடிக்க அரை நாள் போதும். அதனால் அந்த வேலையைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள்.

முதலில் ஒழுகும் இடத்தில் பத்து ஓடுகளைக் கழற்றி இறக்குங்கள். ஓட்டை ஒரு கையில் தொங்கவிட்டு, மறு கையின் விரல் முட்டியால் சுண்டுங்கள். கோயில் மணிபோல் கணீரென்றால் இன்னும் ஒரு தலைமுறைக்கு ஓடும். பொத்தென்று கேட்டால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறது, தள்ளி வையுங்கள். ஓட்டின் பின்பக்கத்தையும் பாருங்கள், தொழிற்சாலையின் பெயர் பதிந்திருக்கும். பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷனரிக் குழுவினர் 1865இல் மங்களூரில் தொடங்கிய தொழில் இது. என் கையால் இறக்கி, கழுவி, மறுபடி மேய்ந்த ஓடுகளில் என் அப்பாவைவிட வயதில் மூத்தவை உண்டு.

அடுத்து மரம். அயினியோ பனையோ, கழுக்கோலின் (கூரையைத் தாங்கும் சாய்வு மரம்) நடுப்பகுதியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். சுவர்மேல் உட்காரும் முனையை உளியால் குத்திப் பாருங்கள். உளுப்பு அங்கேதான் தொடங்கும். முனை மட்டும் போயிருந்தால் நல்ல ஆசாரி அதை வெட்டி ஒட்டுப்போட்டுவிடுவார். முழுக் கூரையையும் மாற்றச் சொல்கிறவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

சுவர் ஏன் பொரிகிறது என்பதைப் பார்க்காமலே சொல்லலாம். சுண்ணாம்பு பூசிய பழைய சுவருக்குப் பிற்காலத்தில் யாரோ சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்பு வழியாக வெளியேறிவிடும், சிமெண்ட் அதை அடைத்துவிடும். உள்ளே சிக்கிய ஈரமும் உப்பும் பூச்சைத் தள்ளுகின்றன. சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டு மறுபடி சுண்ணாம்பே பூசுங்கள். எண்பதுகளில் 'பழைய வீட்டைப் புதுசாக்குகிறேன்' என்று நானும் எத்தனையோ சுவர்களுக்குச் சிமெண்ட் அப்பியவன். அந்தப் பாவத்தில் எனக்குப் பங்கு உண்டு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 1993இல் என் அப்பாவின் ஓட்டு வீட்டை நானே இடித்துக் கான்கிரீட் தளம் போட்டேன். கொத்தனார் வீடு ஓட்டு வீடாக இருந்தால் ஊர் என்ன சொல்லும் என்ற கவலை. லாரியில் வந்த மணலை அள்ளி வாயில் வைத்துப் பார்க்காமல் விட்டேன். கடற்கரை மணல் கலந்திருக்கிறது. உப்பு கம்பியைத் தின்று, 14ஆம் வருடம் அடுக்களைக் கூரையிலிருந்து ஒரு பாளம், மனைவி மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) வேகவைத்துக்கொண்டிருந்த பானைக்கு அருகிலேயே விழுந்தது. சித்திரை மாத இரவில் தளம் அடுப்புக்கல் மாதிரி சூடு கக்கும். இப்போது அதன்மேல் தகரக் கூரை போட்டிருக்கிறேன். ஒரு வீட்டுக்கு இரண்டு கூரை! நம் மாவட்டத்தில் தெருவுக்குத் தெரு இந்தக் காட்சிதான்.

உங்கள் மனைவியின் பயம் நியாயமானது. 2017 நவம்பர் 30ஆம் தேதி நானும் கட்டிலுக்கு அடியில்தான் இருந்தேன். ஆனால் காற்று முதலில் பிடிப்பது இறவாணத்தை, அதாவது கூரையின் தாழ்ந்த ஓரத்தை. அங்கே முதல் இரண்டு வரிசை ஓடுகளையும் ரீப்பரோடு (ஓடு உட்காரும் குறுக்குச் சட்டம்) துருப்பிடிக்காத கம்பியால் கட்டுங்கள். பெரும்பாலான ஓடுகளில் அதற்கென்றே அடியில் துளை இருக்கும். முகட்டு ஓடுகளைச் சாந்து வைத்து உட்காரவையுங்கள். கழுக்கோலை உத்தரத்தோடும், உத்தரத்தைச் சுவரோடும் இரும்புப் பட்டையால் பிணைக்க வேண்டும். முன்திண்ணைக் கூரை வீட்டுக் கூரையின் நீட்சியாக இருந்தால் அதைத் தனியாகப் பிரித்துவிடுங்கள். பறந்தாலும் அது மட்டும் பறக்கும், பெரிய கூரையை இழுத்துக்கொண்டு போகாது.

அண்ணனிடம் ஒரு கணக்கும் சொல்லுங்கள். சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல்லை 1,450 டிகிரி வரை சூடாக்குகிறார்கள். எரிபொருள் விடும் புகையைவிட, கல்லுக்குள்ளிருந்தே வெளியேறும் கரிவளி (கார்பன் டை ஆக்சைடு) அதிகம். 50 கிலோ மூட்டை ஒன்றுக்குச் சுமார் 30 கிலோ கரிவளி. ஜல்லிக்கும் எம் சாண்டுக்கும் உடைவது நம் மலைகள்தான். கணக்குக்கு மசியாவிட்டால், ஒரு ஏப்ரல் நண்பகலில் அவரைப் பத்மநாபபுரம் அரண்மனையில் ராஜா ஆலோசனை நடத்திய ஓட்டுக் கூரை மண்டபமான மந்திரசாலைக்கு அழைத்துப் போய் உட்காரவையுங்கள். (அரண்மனை நிற்பது நம் மாவட்டத்தில், சாவி இருப்பது கேரள அரசிடம், 1956இலிருந்து அப்படித்தான்.)

எலிப்பொறிக் கட்டு என்கிறார்களே, சுவருக்குள் எலி குடியேறிவிடாதா?
- வாசகி, மார்த்தாண்டம்

குடியேறாது அம்மா. செங்கலைப் படுக்கவைக்காமல் விளிம்பில் நிறுத்தி அடுக்குவதால் சுவருக்கு நடுவே வெற்றிடம் வரும். வடிவம் பொறிபோல் இருப்பதால் அந்தப் பெயர். பக்கத்துத் திருவனந்தபுரத்தில் லாரி பேக்கர் என்ற கட்டிடக் கலைஞர் இதை நிறையக் கட்டிக் காட்டினார். செங்கலில் ஏறக்குறைய கால் பங்கு மிச்சம், உள்ளே நிற்கும் காற்று வெயிலையும் தடுக்கும். அடி வரிசை, மேல் வரிசை, சன்னல் ஓரங்கள் ஆகியவற்றைக் கெட்டியாக அடைத்துக் கட்டினால் எலிக்கு வழியே இல்லை. ஒரே அளவு செங்கல் கிடைப்பதுதான் சங்கடம். சூளையில் நின்று நீங்களே அளந்து வாங்குங்கள்.

தோவாளைப் பக்கம் வயலை நிரப்பிய மனை மலிவாக வருகிறது. அதில் சூரிய மின்தகடு, மழைநீர்த் தொட்டியோடு பசுமை வீடு கட்ட ஆசை.
- வாசகர், நாகர்கோவில்

வேண்டாம். நிரப்ப வந்த மண் ஏதோ ஒரு குன்றிலிருந்தோ குளத்திலிருந்தோ வந்தது. கீழே இருப்பது சேறு. அஸ்திவாரத்துக்கே பாதிப் பணம் போகும். வயல் குடித்துக்கொண்டிருந்த மழைநீர் இனி அண்டை வீட்டுக்குள் போகும். தகடு வைப்பதால் இதில் எதுவும் மாறப்போவதில்லை.

எங்கள் மகளிர் குழுவில் 12 பேர். இந்த வருடம் ஐந்து பேர் வீடு கட்டவோ பழுதுபார்க்கவோ போகிறோம். சேர்ந்து செய்தால் செலவும் சிமெண்டும் குறையுமா?
- வாசகி, குலசேகரம்

தங்கச்சி, 41 வருடமாக யாராவது கேட்க மாட்டார்களா என்று நான் காத்திருந்த கேள்வி இது.

நான் கையாளாக இருந்த காலத்தில் ஓடு மேயும் நாள் என்றால் தெருவே வரும். தரையிலிருந்து முகடு வரை வரிசையாக நின்று கைக்குக் கை ஓடு ஏற்றுவோம். மதியம் மரச்சீனியும் மீன்குழம்பும். கூலி மேயும் ஆசாரிக்கு மட்டும். அதை அப்படியே மீட்க முடியாது. ஆனால் ஐந்து வீட்டுக்கும் சேர்த்துச் செங்கல் பேசினால் அளவு பார்த்து வாங்கும் உரிமை உங்களுக்கு வந்துவிடும். ஒரு வீட்டுக்காரருக்குச் சூளைக்காரர் காது கொடுக்க மாட்டார்.

கொத்தனாருக்கு எலிப்பொறிக் கட்டு புதிது என்றால், முதலில் ஒருவர் வீட்டுக் குளியலறையில் கட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கை பழகியபின் பெரிய சுவருக்குப் போகலாம். கன்னியாகுமரி விவேகானந்த கேந்திராவின் இயற்கை வள அபிவிருத்தித் திட்டத்தில் குறைந்த செலவுக் கட்டுமானத்துக்குப் பயிற்சி நடத்துகிறார்கள். உங்கள் கொத்தனாரையும் குழுவில் இரண்டு பெண்களையும் சேர்த்து அனுப்புங்கள். வேலை நடக்கும்போது கேள்வி கேட்கத் தெரிந்த ஒருத்தியாவது அங்கே நிற்க வேண்டும்.

இன்னொரு வேலை இருக்கிறது. உங்கள் ஊரில் இடிபடும் வீடுகளின் ஓடும் மரமும் பழைய சாமான் வண்டிக்குக் கிடைத்த விலைக்குப் போகின்றன. அதைக் குழுவே வாங்கி வையுங்கள். உடைசலையும் சேர்த்து 100 சதுர அடிக் கூரைக்குச் சுமார் 150 ஓடு வேண்டும். கான்கிரீட்டே போடுகிறவர்களும் ஓட்டைத் தளத்தின் அடிப்பாகத்தில் பதித்துக் கலவையைக் குறைக்கலாம். கம்பி கட்டும் முறையைப் பொறியாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சாமான்களை வைக்க இடம் வேண்டுமென்று பேரூராட்சி அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள்; ஐந்து பேரல்ல, 12 பேரும் போங்கள்.

ஓட்டைப் படுக்கவைத்து அடுக்கினால் அடி வரிசை நொறுங்கிவிடும். சுவரோரம் நிறுத்திச் சற்றே சாய்த்து வையுங்கள். முதல் வண்டி வரும் நாளைத் தெரிவித்தால் குலசேகரம் பஸ்ஸில் நானும் வந்துவிடுவேன். முழங்கால்தான் ஏணி ஏறாது, சுண்டிப் பார்க்க விரல் இருக்கிறது.