கழுவிக் காயவைத்த கவர்களும் சில கேள்விகளும்

வீட்டில் இருக்கும் பிளாஸ்டிக் டப்பாக்களை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டுக் கண்ணாடி, ஸ்டீலுக்கு மாறிவிடலாம் என்று இருக்கிறேன். எந்த வகை வாங்கலாம்?

முதலில் தூக்கிப் போடாதீர்கள். பிளாஸ்டிக்கைக் குறைக்கிறேன் என்று கிளம்பி, ஒரே நாளில் ஒரு மூட்டை பிளாஸ்டிக்கைக் குப்பைக்கு அனுப்புவதில் என்ன பயன்? டப்பாவை விட்டுவைத்து, அதன் வேலையை மட்டும் மாற்றுங்கள். தானியம், பருப்பு போன்ற உலர்ந்த பொருள்கள் அதில் இருக்கட்டும். சூடானது, எண்ணெய் மிதப்பது, புளிப்பானது ஆகிய மூன்றுக்கும் மட்டும் கண்ணாடியோ ஸ்டீலோ எடுங்கள்.

சூட்டை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், 2020-ல் டப்ளின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆன குழந்தைப் பால் புட்டிகளைச் சோதித்தார்கள். 25 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 6 லட்சம் பிளாஸ்டிக் நுண்துகள்கள் வந்தன. அதே புட்டியில் 95 டிகிரித் தண்ணீர் ஊற்றியபோது ஐந்தரைக் கோடி. எண்ணிக்கையைப் பார்த்துக் கலங்க வேண்டாம். சூடு செய்கிற வித்தியாசத்தை மட்டும் மனதில் வையுங்கள். டப்பாவை மைக்ரோவேவ் அவனுக்குள் வைக்காமல் இருந்தாலே பாதிக் கவலை தீர்ந்தது.

கீறல் விழுந்தது, வெளிறியது, தொட்டால் பிசுபிசுப்பது ஆகியவை சமையலறையை விட்டுப் போகலாம். ஆணி, பொத்தான், நூல்கண்டு போட ஒரு டப்பா எப்போதும் தேவைப்படும். ஒன்று உடைந்து போகிறபோது அதற்குப் பதில் ஒன்று வாங்கினால் போதும்.

டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கிறதே, மறுசுழற்சி செய்யலாம் என்றுதானே அர்த்தம்?

இல்லை. இந்தக் குழப்பம் முப்பது வருடத்துக்கு மேல் பழையது. அந்த எண்கள் 1988-ல் அமெரிக்க பிளாஸ்டிக் தொழில்துறைச் சங்கம் கொண்டுவந்தவை. பொருள் எந்த ரகப் பிளாஸ்டிக் என்பதை மட்டுமே அவை சொல்லும். சுற்றிலும் அம்புக்குறி போட்டதால் மக்கள் வேறு மாதிரி புரிந்துகொண்டார்கள். 2013-ல் அம்புகளை எடுத்துவிட்டு வெறும் முக்கோணமாக மாற்றினார்கள். பழைய அச்சுகள் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதால் அம்புகளை இப்போதும் பார்க்கலாம்.

தண்ணீர் பாட்டில் ரகமான 1, எண்ணெய்க் கேன், ஷாம்பு பாட்டில் ரகமான 2, இந்த இரண்டுக்கும்தான் வாங்க ஆள் அதிகம். சாப்பாட்டு டப்பா ரகமான 5-க்கு இடத்தைப் பொறுத்து. தண்ணீர்க் குழாய் செய்யும் பி.வி.சி. ரகமான 3, தெர்மாகோல் ரகமான 6, இவை இரண்டையும் எடுப்பவர்கள் அரிது. 7 என்பது ஒரு ரகமே இல்லை, மற்றதையெல்லாம் போட்டு மூடிய பெட்டி. கறுப்பு டப்பாவாக இருந்தால் இன்னொரு சிக்கல்: பல பிரிப்பு ஆலைகளில் அகச்சிவப்புக் கதிரால்தான் ரகம் கண்டுபிடிக்கிறார்கள். கறுப்புச் சாயத்தில் இருக்கும் கரித்தூள் அந்தக் கதிரை விழுங்கிவிடும். எந்திரத்தின் கண்ணுக்கு அந்த டப்பா தெரியவே தெரியாது.

2015 வரை உலகில் குப்பையாகிப் போன பிளாஸ்டிக் சுமார் 630 கோடி டன் என்றும், அதில் மறுசுழற்சி ஆனது 9 சதவீதம் மட்டுமே என்றும் 2017-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. கழுவிக் காயவைத்துத் தாருங்கள், அது அவசியம். ஆனால் மறுசுழற்சியை நம்பி வாங்கிக் குவிக்காதீர்கள்.

'மக்கும் பை' என்று அச்சிட்ட பையை வீட்டு உரத்தொட்டியில் போட்டேன். பல மாதம் கழித்தும் பை பையாகவே இருக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?

முழு ஏமாற்று என்று சொல்ல முடியாது, பாதி உண்மை. தாவர மாவுச்சத்திலிருந்து செய்யும் பி.எல்.ஏ. வகைப் பிளாஸ்டிக் மக்குவதற்குச் சுமார் 60 டிகிரிச் சூடு வாரக்கணக்கில் தொடர்ந்து வேண்டும். பெரிய உர ஆலையில் அது கிடைக்கும், வீட்டுத் தொட்டியில் கிடைக்காது. 'வீட்டு உரத்தொட்டியில் மக்கும்' என்று தனியாகச் சான்று இருந்தால் மட்டும் உள்ளே போடுங்கள். அதைச் சாதாரணப் பிளாஸ்டிக்கோடும் கலக்காதீர்கள், மறுசுழற்சிக்குப் போகும் அந்தப் பிளாஸ்டிக்கும் கெட்டுப்போகும்.

'ஆக்ஸோ' என்று போட்டிருந்தால் தொடவே வேண்டாம். சீக்கிரம் உடைவதற்கென்று ரசாயனம் கலந்த சாதாரணப் பிளாஸ்டிக் அது. துகள் துகளாக உடையும், அவ்வளவுதான். ஐரோப்பிய ஒன்றியம் 2021 முதல் அதற்குத் தடை போட்டிருக்கிறது.

நேரமே இல்லாத வீடு. இரண்டு சின்னப் பிள்ளைகள் வேறு. எங்கிருந்து தொடங்குவது?

ஒரு வாரம் எதையும் மாற்றாதீர்கள். வீட்டில் சேரும் பிளாஸ்டிக் குப்பையை மட்டும் அலசி ஒரு தனிப் பையில் போட்டு வாருங்கள். விடுமுறை நாளில் தரையில் கொட்டிப் பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். அவர்கள் எண்ணுவதில் காட்டும் ஆர்வத்தைப் பார்த்தால் உங்களுக்கே கொஞ்சம் வெட்கமாக இருக்கும். எங்கள் வீட்டில் எண்ணியபோது பாட்டில்களைத்தான் எதிர்பார்த்தேன். குவிந்து கிடந்தவை தின்பண்டப் பாக்கெட்டுகள்.

அந்தக் குவியலில் எது அதிகமோ அதை மட்டும் பிடியுங்கள். சின்னச் சின்னப் பாக்கெட்டாக வாங்கும் பொருளைப் பெரிய பாக்கெட்டாக வாங்குவதே பல நேரம் போதும். பாக்கெட்டின் நீளம், அகலம், உயரம் மூன்றும் இரண்டு மடங்கானால் உள்ளே கொள்வது எட்டு மடங்கு. சுற்றும் பிளாஸ்டிக்கின் பரப்போ நான்கு மடங்குதான். ஒன்று மட்டும் கவனியுங்கள்: கெட்டுப்போய்க் கொட்டுகிற அளவுக்கு வாங்கிவிட்டால் மிச்சப்படுத்தியது எல்லாம் அதோடு போயிற்று.

துணிப்பைக்கு மாறிவிட்டேன். ஆனால் வீட்டில் இப்போது இருபது துணிப்பைகள்!

இனி ஒன்றும் வாங்காதீர்கள். யாராவது இலவசமாக நீட்டினாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். பருத்தி விளைவிக்கத் தண்ணீரும் உரமும் ஏராளமாகப் போகின்றன. பிரிட்டன் சுற்றுச்சூழல் முகமையின் 2011 அறிக்கைப்படி, ஒரே முறை பயன்படும் மெல்லிய பிளாஸ்டிக் பைக்குப் பருவநிலை பாதிப்பில் ஈடாக வேண்டுமென்றால் ஒரு பருத்திப் பையை 131 முறை எடுத்துப் போக வேண்டும். அதுவும் அந்தப் பிளாஸ்டிக் பையை ஒரே முறையோடு வீசிவிட்டால்தான் இந்தக் கணக்கு. இருபது பைக்குக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நான்கைந்தை வாசல் கதவருகே மாட்டுங்கள், மற்றவற்றை யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சுக்கு மாற்று உண்டா?

உண்டு. முற்றிய பீர்க்கங்காய்க் கூடு, அல்லது தாவர நாரால் ஆன செல்லுலோஸ் ஸ்பாஞ்ச். பழைய பருத்தித் துணியும் தாராளமாகப் போதும்.

கொஞ்சமாகத்தானே சேர்கிறது, தோட்டத்தில் போட்டுக் கொளுத்திவிடலாமா?

கூடாது. பி.வி.சி. கலந்திருந்தால் ஹைட்ரஜன் குளோரைடு, டையாக்சின் என்ற நச்சுகள் புகையில் வரும். கையில் எடுத்துப் பார்த்து எது பி.வி.சி. என்று பெரும்பாலும் சொல்ல முடியாது.

என் மாமியார் ஒரு கவரையும் தூக்கிப் போட விடமாட்டார். கழுவிக் காயவைத்து, மடித்து, மெத்தைக்கு அடியில்கூட வைத்திருக்கிறார். எப்படிச் சொல்வது?

உங்களுக்கு நான் துணை நிற்பேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். மன்னியுங்கள், நான் அவர் பக்கம். நாம் இன்று 'மறுபயன்பாடு' என்று பெயர் வைத்துப் பேசுவதை அவர் பெயர் வைக்காமல் செய்துகொண்டிருக்கிறார். சூடான பொருளையும் எண்ணெய்ப் பண்டத்தையும் அதில் கட்டாமல் இருந்தால் போதும், அதை மட்டும் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

இடம் அடைக்கிறதே என்றால் ஒரு பெட்டி வையுங்கள். அந்தப் பெட்டி நிறைந்திருக்கும்வரை வீட்டுக்குப் புதுக் கவர் வரக்கூடாது என்று ஒரு விதியும் வையுங்கள். காவலுக்கு அவரையே உட்காரவைத்துவிடுங்கள். அநேகமாக முதலில் மாட்டுவது உங்கள் கணவராகத்தான் இருக்கும்.