குரங்கு ஆராய்ச்சி படிக்க வர்ற தம்பிக்கு

திருமங்கலத்துத் தம்பி ஒருத்தர் கேட்டிருக்கார். நான் இருக்குற இங்கிலாந்துல ஒரு வருச எம்.எஸ்சி., குரங்கினங்களோட நடத்தையும் சூழலியலும். அறை எப்படிப் பிடிக்கிறது, பகுதி நேர வேலை கிடைக்குமா, ஆய்வை நம்ம ஊர்ல வந்து செய்யலாமா?

அறை தானா அமையும். இங்க பழைய ஆளுககிட்ட கேட்டா மிளகாய்ப்பொடி எத்தனை கிலோன்னு ஒரு மணி நேரம் பேசுவாங்க, படிப்பைப் பத்தி வாயே திறக்க மாட்டாங்க. வேலைன்னா, மாணவர் விசாவுல பாடம் நடக்குற பருவத்துல (டெர்ம்) வாரம் 20 மணி நேரம்தான். எம்.எஸ்சி.க்குக் கோடையில ஆய்வறிக்கை எழுதுற மாசங்களும் பருவக் கணக்குதான், லீவு இல்ல. "கோடையில முழுநேரம் பார்த்துக் கட்டிரலாம்"னு ஏஜென்ட் சொன்னா நம்பிக் கடன் வாங்காதீங்க.

மூணாவதுதான் விஷயம். செய்யலாம், ஆனா களத்துக்கு மிஞ்சுறது ரெண்டு மூணு மாசம். காட்டுக்குள்ள போக வனத்துறை அனுமதி வேணும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் சேர்ந்திருந்தா சென்னையில இருக்குற தேசிய பல்லுயிர் ஆணையத்தையும் கேட்கணும். குரங்கினம் அத்தனையும் சைட்டிஸ் (காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்துற உலக ஒப்பந்தம்) பட்டியல்ல இருக்கு, அனுமதி இல்லாம ஒரு சொட்டு ரத்தத்தைக்கூட இங்க கொண்டுவர முடியாது. பல்கலைக்கழக நெறிக்குழு ஒப்புதல் தனி. அதனால தலைப்பை அக்டோபர்லயே முடிவு பண்ணிருங்க. மே மாசம் யோசிச்சா விலங்குக்காட்சிச் சாலைக் கூண்டு முன்னாடி நிக்க வேண்டியதுதான்.

மேகமலைக் கருமந்தி மேல ஆசைப்படாதீங்க. ஆளைக் கண்டாலே ஓடும், பழக்கப்படுத்தவே மாசக்கணக்குல ஆகும். ரெண்டு மாசத்துக்கு அழகர்கோவில் நாட்டுக்குரங்குதான் சரி. மனுசனுக்குப் பழகினது, இந்தியத் தீபகற்பத்தைத் தவிர வேற எங்கயும் இல்லாத இனம். வெளிநாட்டுக்காரன் டிக்கெட் போட்டு வந்து பார்க்குறான், நம்ம பிள்ளைக நூபுர கங்கையில குளிச்சிட்டுப் பழம் போட்டுட்டுப் போயிருதுக.

விமானம் ஏறுறதுக்கு முன்னாடியே அங்க பழகுங்க. முதல்ல முகம். உச்சந்தலை முடிச் சுழி, காதுல கிழிசல், உதட்டு நிறம், தாய்க்குரங்குன்னா முலைக்காம்பு நீளம், இதை வச்சுப் பத்துக் குரங்கையாவது பேர் சொல்லத் தெரியணும். அப்புறம் 10 நிமிசத்துக்கு ஒருதரம் கூட்டத்தை இடமிருந்து வலமா ஒரு பார்வை. கண்ணுல படுற அந்த நொடியில ஒவ்வொண்ணும் என்ன செய்யுதோ அதை மட்டும் எழுதுங்க. திசை வச்சுக்கலேன்னா கண்ணு சண்டைக்குத்தான் போகும், தூங்குறது கணக்குல வராது. தனி ஒண்ணைத் தொடர்ந்து பார்க்கணும்னா வரிசையை முந்தின நாளே சீட்டுப் போட்டு எடுத்துருங்க. மறைஞ்சா "மறைவு"ன்னு எழுதணும், அந்த நிமிசத்தை விட்டுறக் கூடாது. இந்த முறைகளையெல்லாம் 1974-ல ஜீன் ஆல்ட்மன்னு ஒரு அமெரிக்க விலங்கு நடத்தை ஆய்வாளர் வகுத்துக் குடுத்தாங்க, இன்னைக்கும் அதுதான் அடிப்படை.

பலரும் கோட்டை விடுறது, ஒவ்வொரு செய்கைக்கும் நோட்டுல எழுதுற குறியீட்டுலதான். "தின்னுது"ன்னு ஒண்ணே எழுதினா ஆய்வே போச்சு. மரத்துல பறிச்சதா, குப்பையில எடுத்ததா, ஆள் கையால குடுத்ததா, பிடுங்கினதா, நாலும் நாலு குறியீடு. கன்னப்பையில அடைக்கிறது வேற, மெல்லுறது வேற. தேங்காய்மூடி கிடைச்ச குட்டி அதைத் தின்னுறதுக்கு முன்னாடி பெரியது ஒண்ணு வந்து பக்கத்துல உட்காரும், அவ்வளவுதான், குட்டி எழுந்து போயிரும். சத்தமே இருக்காது. அதையும் எழுதத் தெரிஞ்சாத்தான் யார் பெரியவன்ங்கிற கணக்கு வரும்.

பேனா வேண்டாம், பென்சில். இங்க மழையில பேனா எழுதாது, குடை பிடிச்சா நோட்டுப் பிடிக்கக் கை இருக்காது. மழைச்சட்டையோட நிக்கப் பழகினவன்தான் இங்க தேறுவான்.

வெறிநாய்க்கடி முன்தடுப்பூசியை ஊர்லயே போட்டுட்டு வாங்க, இங்க கைக்காசு நிறைய ஆகும். கோவிலுக்குப் போறப்ப மஞ்சப்பை வேண்டாம், கண்ணோட கண்ணு பார்க்க வேண்டாம், அது அதுகளுக்கு மிரட்டல். கடிச்சாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிசம் கழுவிட்டு நேரா மதுரை ராஜாஜி அரசு ஆஸ்பத்திரி. முன்னாடியே ஊசி போட்டிருந்தாலும் போகணும்.