வீடு நிறையப் பிள்ளைகள், கையில் காசு இல்லை

கேள்வி (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது): எனக்கு வயது 32. பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில் இருக்கிறோம். பி.எட். முடித்துத் தனியார் பள்ளியில் வேலை பார்த்தேன். போன சித்திரையில் வேலையை விட்டுவிட்டு வீட்டின் கீழ்த்தளத்தில் டே கேர் ஆரம்பித்தேன். எட்டுப் பிள்ளைகள் வரை பார்த்துக்கொள்ளலாம். இப்போது ஏழு பேர் இருக்கிறார்கள். நான்கு பேர் மாதம் 4,000 தருகிறார்கள். மற்ற மூவரும் சொந்தம்: நாத்தனாரின் பிள்ளைகள் இருவர், என் தம்பி மகன் ஒருவன். தொடங்கும்போது நாத்தனார் 30,000 ரூபாய் தந்து, ‘திருப்பித் தரவேண்டாம், பிள்ளைகளை மட்டும் பார்த்துக்கொள்’ என்றார். பெரியவன் இரண்டாம் வகுப்பு, சாயங்காலம் நான்கு மணிக்கு வருவான். சின்னவள் முழுநாளும் இருப்பாள். இரவு எட்டு மணிக்குத்தான் அழைத்துப் போவார்கள். ஏசி, கேமரா, சறுக்கு மரம் வாங்க மகளிர் குழுவில் 80,000 எடுத்தேன், தவணை 4,200. அது போதாமல் வாரத் தண்டலும் வாங்கியிருக்கிறேன். புது வாடிக்கையாளர் கிடைப்பதே இல்லை. பார்க்க வந்த இரண்டு அம்மாக்களும் திரும்பி வரவில்லை. ஒரு நிறுவனம் 3 லட்சம் கட்டினால் அவர்கள் பெயரில் பிளே ஸ்கூல் நடத்தலாம், சேர்க்கைக்கு அவர்களே விளம்பரம் செய்வார்கள், வசூலில் பத்து சதவீதம் கொடுத்தால் போதும் என்கிறது. நகையை அடகு வைத்துக் கட்டலாமா? வாடிக்கையாளரை வேறு எப்படித்தான் பிடிப்பது? — பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, எட்டுப் பேருக்கான வீட்டில் ஏழு பேர் இருக்கிறார்கள். அப்படியானால் புதிதாக நீங்கள் சேர்க்கக்கூடியது ஒரே ஒரு பிள்ளை. அந்த ஒரு பிள்ளைக்காக மூன்று லட்சத்துக்கு நகையை வைக்கப் போகிறீர்களா? உங்களுக்கு வாடிக்கையாளர் பஞ்சம் என்று நான் நினைக்கவில்லை. இருக்கும் இடத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகச் சொந்தக்காரர்கள் காசில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அதை முதலில் பேசுவோம், வாடிக்கையாளருக்கு அப்புறம் வருகிறேன்.

வரவு 16,000. செலவு நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் ஆயா சம்பளம் 7,500, ஏழு பேருக்குப் பால், பழம், சாப்பாடு எல்லாம் சேர்த்து 5,000, கரண்ட், கேஸ், சோப்பு, பினாயில் 1,500. மொத்தம் 14,000. மிஞ்சுவது 2,000. குழுத் தவணை 4,200. ஆக மாதாமாதம் 2,200 துண்டு விழுகிறது. காலையிலிருந்து இரவு எட்டு மணி வரை நிற்கும் உங்கள் உழைப்புக்கு ஒரு பைசாகூட இந்தக் கணக்கில் இல்லை.

இந்தத் துண்டை அடைக்கத்தான் தண்டல். 10,000 என்று எழுதி, கையில் 8,500 கொடுத்து, வாரம் 1,000 வீதம் பத்து வாரம் வாங்குகிறார்கள் என்கிறீர்கள். வெறும் 1,500தானே வட்டி என்று தோன்றும். ஆனால் முதல் வாரத்திலிருந்தே அசலைத் திருப்பிக் கட்டிக்கொண்டு வருகிறீர்கள். சராசரியாகப் பார்த்தால் உங்கள் கையில் இருக்கும் அவர்கள் பணம் ஐயாயிரத்துக்கும் கீழேதான். அதற்குப் பத்து வாரத்தில் 1,500. ஆண்டுக் கணக்கில் இது 150 சதவீதத்தைத் தாண்டும். ஒன்றை முடிக்க இன்னொன்று என்று மூன்றாவது தண்டலில் நிற்கிறீர்கள். 2017 அக்டோபரில் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே தீயில் கருகியதை நம் ஊர் மறந்திருக்காது. கந்துவட்டித் தடைச் சட்டம் 2003 முதலே இருக்கிறது. ஆனாலும் இந்த வழியில் காலை வைக்காதிருப்பதுதான் பாதுகாப்பு. இன்று இதுதான் உங்கள் முதல் வேலை: ஒரு மோதிரமோ கம்மலோ போதும், வங்கியில் வைத்து 10,000 வாங்குங்கள். தண்டலை முழுதாக முடித்து, கணக்குச் சீட்டைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். நகைக்கடன் வட்டி ஆண்டுக்குப் பத்து சதவீதம் என்று வைத்தாலும் மாதம் நூறு ரூபாய்க்குள்தான். உங்கள் நகை வெளியே போக நான் சம்மதிக்கும் ஒரே காரணம் இது.

இப்போது நாத்தனார் தந்த 30,000. அதை அன்பளிப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். மனசுக்குள் கடனாகச் சுமக்கிறீர்கள், அதனால்தான் வாயைத் திறக்க முடியவில்லை. சரி, கடன் என்றே வைத்துக்கொள்வோம். சின்னவள் முழுநாள், 4,000. பெரியவன் சாயங்காலம் மட்டும்தானே, பாதி போடுவோம், 2,000. மாதம் 6,000. ஐந்தாவது மாதத்தில், அதாவது ஆவணியிலேயே அந்த 30,000 கழிந்துவிட்டது. எட்டு மாதத்துக்கு 48,000 ஆகிறது. அவர் தந்ததற்கு மேல் 18,000 ரூபாய்க்கு நீங்கள் உழைத்துக் கொடுத்திருக்கிறீர்கள். அவருக்கு இது தெரியாது. தெரிந்தே செய்கிறார் என்று நான் சொல்லமாட்டேன். யாரும் கணக்கு எழுதிக் காட்டவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று, கோபப்படாமல் கேளுங்கள். கடிதம் முழுக்க நாத்தனாரைப் பற்றித்தான் வருத்தப்பட்டிருக்கிறீர்கள். தம்பி மகனைப் பற்றி ஒரு வரிதான். அவனும் முழுநாள் இருக்கிறான், தம்பி ஒரு ரூபாய்கூடப் போடவில்லை. உங்கள் பக்கத்துப் பிள்ளைக்குச் சும்மா, கணவர் பக்கத்துப் பிள்ளைக்குக் கட்டணம் என்று ஆரம்பித்தால் பணம் வராது, சண்டைதான் வரும். அதனால் முதலில் தம்பியிடம் பேசுங்கள். அவனும் அவன் மனைவியும் வண்ணாரப்பேட்டையில் கடை வேலைக்குப் போகிறவர்கள், கஷ்டம்தான், தெரியும். மற்ற நால்வரும் ஆளுக்குத் தரும் 4,000 ரூபாயில் கால் பாகம் குறைத்து 3,000 வாங்குங்கள். அவன் சரி என்று சொன்ன பிறகு, உங்கள் கணவரை அவருடைய அக்காவிடம் பேசச் சொல்லுங்கள். நீங்கள் போகவேண்டாம். ‘என் வீட்டுக்காரி கேட்டாள்’ என்று அவரும் ஆரம்பிக்கக் கூடாது. ‘அக்கா, நீ தந்த 30,000 ஆவணியோடு கழிந்துவிட்டது, தையிலிருந்து இரண்டு பேருக்கும் சேர்த்து 4,500 தா, என் மச்சினனும் தருகிறான்’ என்று ஒரு தாளில் எழுதிய கணக்கோடு சொல்லட்டும். மச்சினன் தருகிறான் என்ற சொல்லுக்குப் பிறகு பெரிய வாதம் இருக்காது.

அவர்கள் கோபித்துக்கொண்டு பிள்ளைகளைக் கூட்டிப் போய்விட்டால்? இதுதானே உங்கள் பயம். கணக்கைப் பாருங்கள். ஒரு பிள்ளைக்குச் சாப்பாடு, பால் என்று சுமார் 700 ஆகிறது. மூவரும் போனால் 2,100 மிச்சம். உங்கள் மாதாந்திரத் துண்டு 2,200. புது வாடிக்கையாளர் ஒருவர்கூட வராமலேயே ஓட்டை ஏறக்குறைய அடைந்துவிடும், மேற்கொண்டு நான்கு இடம் காலியாகும். இருந்து கட்டணம் தந்தாலோ வரவு 23,500. செலவும் தவணையும் போக 5,300 நிற்கும். எட்டாவது பிள்ளை ஒன்று சேர்ந்தால் 8,600. இரண்டில் எது நடந்தாலும் இன்றைக்கு இருப்பதைவிட நல்லதுதான்.

அந்த மூன்று லட்சத் திட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. மூன்று லட்சத்துக்கு நகைக்கடன் வட்டி மட்டும் மாதம் 2,500 ஆகும். அசலையும் மூன்று வருடத்தில் அடைக்க நினைத்தால் மாதம் எட்டாயிரத்துக்கு மேல். அதன் மேல் வசூலில் பத்து சதவீதம், அதாவது உங்கள் லாபத்தில் அல்ல, நஷ்டம் வந்த மாதத்திலும் கட்டவேண்டிய பங்கு. பிள்ளை சேராவிட்டால் பணம் திரும்ப வரும் என்று ஒப்பந்தத்தில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள், அவர்கள் முகம் எப்படிப் போகிறது என்று பாருங்கள். பிளே ஸ்கூல் என்று பலகை வைத்தால் அரசு அங்கீகாரம், கட்டட விதிகள் என்று வேறு செலவும் வரும். ஒரு வயசுப் பிள்ளையை விட்டுவிட்டுப் போகிற தாய்க்குப் பலகையில் இருக்கும் பெயர் முக்கியமில்லை. தூக்குகிற கை யாருடையது என்றுதான் பார்ப்பாள். ஃபேஸ்புக் விளம்பரத் தொகுப்பு என்று யாராவது வந்தாலும் இதே பதில். கூகுள் மேப்பில் உங்கள் டே கேரைச் சேர்ப்பது இலவசம். இப்போது இருக்கும் நான்கு அம்மாக்களையும் இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள், போதும்.

அந்த இரண்டு அம்மாக்கள் ஏன் திரும்பி வரவில்லை? வேலை முடிந்து சாயங்காலம் ஆறு மணிக்கு வந்திருப்பார்கள். அந்த நேரத்தில் உங்கள் வீடு எப்படி இருக்கும்? பெரியவன் டிவி போட்டுக்கொண்டு சோபாவில் குதிப்பான், சின்னவர்கள் களைத்து அழுவார்கள், ஆயா போயிருப்பார். கைக்குழந்தையோடு வந்தவள் அதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விடுவாள். காரணத்தையும் சொல்லமாட்டாள். இனி வருகிறவர்களைச் சனிக்கிழமை காலை பத்தரைக்கு வரச் சொல்லுங்கள். சேர்வதற்கு முன் மூன்று நாள் தாயும் கூடவே உட்காரட்டும், அதற்குக் காசு வேண்டாம். ஆயாவுக்குக் காவல்துறைச் சரிபார்ப்புச் சான்று வாங்கிச் சுவரில் மாட்டுங்கள். நீங்கள் கடன் வாங்கிப் போட்ட ஏசியைவிட அது அதிகம் பேசும்.

இனி யார் உங்கள் வாடிக்கையாளர் என்பதற்கு வருகிறேன். ஊரில் உங்களுக்குப் போட்டி இன்னொரு டே கேர் இல்லை, ஆச்சிதான். மகள் பிரசவத்துக்குப் பிறகு அம்பாசமுத்திரத்திலிருந்தோ களக்காட்டிலிருந்தோ வந்து ஆறு மாதம், ஒரு வருடம் இருந்துவிட்டு, தாத்தாவுக்குச் சோறு பொங்க ஆளில்லை என்று ஊருக்குத் திரும்பும் ஆச்சிகள். அவர்கள் கிளம்பும் வாரத்தில்தான் அந்த வீட்டில் டே கேர் பேச்சு வரும். ஆச்சி இருந்தாலும் மூட்டு வலியோடு ஓடியாடும் பிள்ளையைப் பிடிக்க முடியாத வீடுகளுக்கு அரைநாள் என்று ஒன்று வையுங்கள், 2,200 வாங்குங்கள்.

தாய் வேலைக்குத் திரும்பும் தேதி உங்களுக்கு முன்கூட்டியே தெரியும், யோசித்துப் பாருங்கள். தமிழக அரசு ஊழியர்களுக்கு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 2021 ஜூலையிலிருந்து பேறுகால விடுப்பு 12 மாதம். தனியாரில் 2017 சட்டத் திருத்தம் முதல் 26 வாரம். அரசு ஆசிரியையின் பிள்ளை ஒரு வயதில் வரும், தனியார் மருத்துவமனை நர்ஸின் பிள்ளை ஆறு மாதத்தில் வரும். விடுப்பு முடிய இரண்டு மாதம் இருக்கும்போது அந்த வீட்டுக் கதவைத் தட்டவேண்டும், முடிந்த பிறகு தட்டிப் பயனில்லை. தெருவில் யாருக்கு வளைகாப்பு, யாருக்குப் பெயர் சூட்டு என்று உங்கள் மாமியாருக்குத் தெரியாததா? ஒரு நோட்டுப் போட்டு எழுதி வையுங்கள்.

பெருமாள்புரத்துக்குப் பக்கத்தில் வேய்ந்தான்குளம் புது பஸ் ஸ்டாண்ட் இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். நாங்குநேரி, வள்ளியூர்ப் பக்கத்துப் பள்ளிகளுக்கு வேலைக்குப் போகும் டீச்சர்கள் காலையில் அங்கேதான் பஸ் ஏறுகிறார்கள். போகிற வழியில் பிள்ளையை விட்டுவிட்டுப் போகலாம். ஆனால் நீங்கள் திறப்பது ஒன்பது மணிக்கு! அதற்குள் அவர்கள் நாங்குநேரியைத் தாண்டியிருப்பார்கள். ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் காலை ஷிப்ட் பார்க்கும் நர்ஸும் உங்களுக்குக் கிடைக்கமாட்டார். ஏழு மணிக்குத் திறங்கள், சாயங்காலம் ஆறரைக்கு மூடுங்கள். ஆறரைக்கு மேல் அரை மணிக்கு 50 ரூபாய் என்று எழுதி ஒட்டுங்கள். நாத்தனாருக்கும் அது பொருந்தும். கங்கைகொண்டான் சிப்காட்டுக்குப் போகிறவர்களைத் துரத்தவேண்டாம், அவர்கள் வழி ஊருக்கு அந்தப் பக்கம்.

இரண்டு மாதம் உங்களுக்கு எப்போதும் இடிக்கும். மே மாதம் டீச்சர்கள் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்வார்கள், கட்டணமும் நின்றுவிடும். இடத்தைப் பிடித்து வைக்க மேயில் பாதிக் கட்டணம் என்று சேரும் அன்றே சொல்லிவிடுங்கள். ஜூனில் மூன்று வயதைத் தாண்டியவர்கள் எல்.கே.ஜி.க்குப் போய்விடுவார்கள். அங்கன்வாடியும் இரண்டு வயதுக்கு மேல் இலவசமாக எடுத்துக்கொள்கிறது. அதனால் காலி இடத்தை மூன்று வயதுப் பிள்ளைகளால் நிரப்பாதீர்கள். ஒரு வயது, ஒன்றரை வயதுப் பிள்ளை வந்தால் இரண்டு வருடம் இருக்கும். கட்டணத்தை மாதம் பிறந்து ஐந்து தேதிக்குள் முன்பணமாக வாங்குங்கள். மாதம் முடிந்து வாங்கும் பழக்கம் இருந்தால் தையோடு நிறுத்துங்கள்.

பங்குனி முடிவில் கட்டணம் தரும் பிள்ளைகள், சொந்தக்காரர்களையும் சேர்த்து, ஏழு பேராவது இருக்கவேண்டும். ஐந்துக்குக் கீழே நின்றால் ஆயாவை அரைநாளாக மாற்றிச் சம்பளத்தில் 3,000 குறையுங்கள், ஜூன் வரை அப்படி ஓட்டுங்கள். குழுவில் மறுபடி கடன் தருகிறோம் என்று மாசியில் வந்து நிற்பார்கள், முதல் கடனைச் சரியாகக் கட்டுகிறவர்களிடம்தான் வருவார்கள். 80,000 முடியும் வரை கையெழுத்துப் போடாதீர்கள். தைப் பொங்கலுக்கு எல்லாரும் வீட்டுக்கு வருவார்களே, அதற்கு முன் தம்பியிடம் பேசி முடித்துவிடுங்கள்.