யானை மூக்கால் தண்ணீர் குடித்தால் புரையேறாதா?

கேள்வி: என் மகளுக்கு ஐந்து வயது. யானை மூக்கால்தானே தண்ணீர் குடிக்கிறது, அதற்குப் புரையேறாதா என்று கேட்கிறாள். என்ன சொல்வது?
- ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: நல்ல கேள்வி! குளிக்கும்போது மூக்கில் தண்ணீர் ஏறித் தவித்த பிள்ளைக்குத்தான் இது தோன்றும். யானை குடிப்பது வாயால்தான் என்று சொல்லுங்கள். தும்பிக்கையில் தண்ணீரை உறிஞ்சி, அது தொண்டைப் பக்கம் போகும் முன்பே நிறுத்தி, நுனியை வாய்க்குள் விட்டு ஊற்றிக்கொள்ளும். வளர்ந்த யானையின் தும்பிக்கையில் ஐந்து லிட்டருக்கு மேல் பிடிக்கும்.

தும்பிக்கை என்பது மூக்கும் மேலுதடும் ஒன்றாகி நீண்டது. உள்ளே ஓர் எலும்புகூடக் கிடையாது, எல்லாம் தசை. நம் ஊர் யானைக்கு அதன் நுனியில் விரல் மாதிரி ஒரு மடிப்பு இருக்கும், அதை வைத்தே ஒற்றை வேர்க்கடலையை எடுத்துவிடும். மகளின் சட்டைக் கையை விரல் மறையும் வரை இழுத்துவிட்டு, தரையில் கிடக்கும் கடலையை எடுக்கச் சொல்லிப் பாருங்கள், எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்கே புரியும்.

அப்புறம், குட்டியைப் பற்றிக் கட்டாயம் சொல்லுங்கள். தாய் வயிற்றில் ஏறக்குறைய 22 மாதம் இருந்து, நூறு கிலோ எடையோடு பிறக்கிற குட்டிக்குத் தும்பிக்கையை என்ன செய்வதென்றே தெரியாது. அது பாட்டுக்கு ஆடும், சில நேரம் தானே அதை மிதித்துத் தடுக்கிக்கொள்ளும். தாயின் மடி முன்னங்கால்களுக்கு நடுவில் இருக்கும், அங்கே தும்பிக்கையைத் தூக்கி ஓரமாக வைத்துக்கொண்டு வாயால்தான் பால் குடிக்கும். ஆற்றுக்குப் போனாலும் குனிந்து நேராக வாயை வைத்துத்தான் தண்ணீர் குடிக்கும். உறிஞ்சி ஊற்றப் பழகுவதற்குப் பல மாதம் ஆகும். அதுவரை சில குட்டிகள், நம் பிள்ளைகள் விரல் சூப்புகிற மாதிரி, தும்பிக்கையை வாயில் போட்டுச் சூப்பிக்கொண்டிருக்கும். உங்கள் மகளுக்கு இதுதான் ரொம்பப் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

கேள்வி: கதைப் புத்தகத்தில் அம்மா யானைக்கும் தந்தம் இருக்கிறது, கோயில் யானைக்கு இல்லையே என்கிறான் பேரன்.
- ஒரு வாசகர், தருமபுரி

பதில்: பேரன் நன்றாகக் கவனித்திருக்கிறான். ஆப்பிரிக்க யானைகளில் பெண்ணுக்கும் தந்தம் உண்டு. நம் ஊரில் ஆணுக்கு மட்டும்தான் வெளியே நீண்டு தெரியும், கோயில்களில் இருப்பவை பெரும்பாலும் பெண் யானைகள். தந்தமே இல்லாத ஆண் யானையும் உண்டு, அதை மக்னா என்பார்கள். புத்தகத்தில் காதையும் பார்க்கச் சொல்லுங்கள். தோளை மூடுகிற அளவு பெரிதாக இருந்தால் அது ஆப்பிரிக்க யானை, அதற்குத் தும்பிக்கை நுனியில் இரண்டு விரல் இருக்கும்.