டாங்கிள் உடைந்தால் சாஃப்ட்வேருக்கே மறுபடி பணமா?

கேள்வி: சிவகாசியில் சின்ன அளவில் ஆஃப்செட் பிளேட் எடுத்துக் கொடுக்கும் தொழில் செய்கிறேன். 2020-இல் கடன் வாங்கி, சி.டி.பி. மெஷின் (கம்ப்யூட்டரிலிருந்து நேராக அச்சுப் பிளேட் எடுப்பது), அதற்கான கம்ப்யூட்டர், பக்கங்களை அந்த மெஷினுக்கு ஏற்றபடி புள்ளிகளாக மாற்றித் தரும் 'ரிப்' சாஃப்ட்வேர் மூன்றையும் டீலரிடம் புதிதாக வாங்கினேன். நானும் தம்பியும்தான் ஓட்டுகிறோம், கூட ஒரு பையன். போன வாரம் நாற்காலி இடித்து, கம்ப்யூட்டரின் பின்னால் செருகியிருந்த டாங்கிள் (சாஃப்ட்வேரைத் திறக்கும் பென் டிரைவ் மாதிரியான சாவி) உடைந்துவிட்டது. சாஃப்ட்வேர் திறக்கவில்லை. டீலர், "புது லைசென்ஸ்தான் வாங்கணும். 2,80,000 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. மூன்று வருஷ ஏ.எம்.சி. (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) பாக்கியையும் கட்டணும்" என்கிறார். பஜாரில் ஒருவர் 15,000 ரூபாய்க்கு டாங்கிளே இல்லாமல் ஓட வைத்துத் தருவதாகச் சொல்கிறார். காலண்டர் சீசன் வேறு. நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா?

பதில்: முதலில் அந்த உடைந்த டாங்கிளைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். இரண்டு துண்டாக இருந்தாலும் ஒரு கவரில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள். மேலே உள்ள சீரியல் நம்பர் தெரியும்படி போட்டோ எடுங்கள். தொலைந்த டாங்கிளும் உடைந்த டாங்கிளும் இந்தத் தொழிலில் ஒன்றல்ல. தொலைந்துவிட்டது என்றால், வேறு யாரிடமாவது அது ஓடிக்கொண்டிருக்கலாம் என்று கம்பெனி சந்தேகப்படும். லைசென்ஸே போனதாகக் கணக்கு வைக்கும். உடைந்த துண்டைத் திருப்பிக் கொடுத்தால், சர்வீஸ் கட்டணம் மட்டும் வாங்கிக்கொண்டு மாற்று டாங்கிள் தரும் கம்பெனிகள் பல உண்டு. அதனால் டீலரிடம் மல்லுக்கட்டுவதற்கு முன் சாஃப்ட்வேர் தயாரித்த கம்பெனிக்கே நேராக மின்னஞ்சல் போடுங்கள். சீரியல் நம்பர், இன்வாய்ஸ் நகல், உடைந்த துண்டின் போட்டோ மூன்றையும் இணையுங்கள். புது டாங்கிள் வரும்வரை 30 நாள் தற்காலிக லைசென்ஸ் தரும்படியும் கேளுங்கள். '2,80,000' என்பது கம்பெனியின் விலையா, டீலர் வாயில் வந்த விலையா என்பது அந்தப் பதிலில் தெரிந்துவிடும்.

அடுத்தது இன்வாய்ஸ். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் இதைப் படித்ததே இல்லை. பேங்க் லோனுக்குக் கொடுத்துவிட்டு மறந்துவிடுவார்கள். உங்களுடையதில் 'சி.டி.பி. மெஷின், உதிரிகளுடன், 1 செட்' என்று ஒரே வரியா, அல்லது 'ரிப் சாஃப்ட்வேர், 1 யூசர், பெர்பெச்சுவல் லைசென்ஸ்' என்று தனி வரி இருக்கிறதா? 'பெர்பெச்சுவல்' என்ற அந்த ஒரு சொல் இருந்தால் உங்கள் கை ஓங்கிவிடும். நீங்கள் பணம் கொடுத்தது காலவரையறை இல்லாத உரிமைக்கு; டாங்கிள் அதன் சாவி, அவ்வளவுதான். சாவிக்கு நியாயமான கூலி கேட்கலாம். விற்ற வீட்டை மறுபடி விற்க முடியாது.

ஒரே வரியாக இருந்தாலும் வழி இருக்கிறது. டிஸ்கில் வரும் ரெடிமேட் சாஃப்ட்வேரும் 'சரக்கு'தான் என்று டாடா கன்சல்டன்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004-இல் சொல்லியிருக்கிறது. சரக்கு என்றால் 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் வந்துவிடும். வாங்கியவர் அதை இடையூறில்லாமல் அனுபவிக்கலாம் என்ற உறுதி, எழுதாவிட்டாலும் விற்பனையில் அடங்கியது என்கிறது அதன் 14-ஆம் பிரிவு. அது விற்பனை வரி வழக்கு, இங்கே நடந்தது விற்பனை இல்லை, லைசென்ஸ்தான் என்று எதிர்த்தரப்பு வக்கீல் வாதிடுவார். நானாக இருந்தாலும் அப்படித்தான் வாதிடுவேன். அதனால்தான் உங்கள் இன்வாய்ஸைப் பார்க்காமல் 'ஜெயிப்பீர்கள்' என்று எழுதமாட்டேன்.

ஏ.எம்.சி. பாக்கி என்பது கதை. ஏ.எம்.சி. தனி ஒப்பந்தம். நீங்கள் கையெழுத்துப் போடவில்லை, அவர்கள் வந்து பார்க்கவும் இல்லை. பிறகு எங்கிருந்து பாக்கி? புது வெர்ஷன் வேண்டுமென்றால் விட்ட வருஷத்துக்கும் சேர்த்துக் கேட்பது அவர்கள் வியாபாரம். ஏற்கனவே வாங்கிய வெர்ஷனைத் திறந்துவிட அதை நிபந்தனையாக வைக்க முடியாது. அசல் ஒப்பந்தத்தில் கட்டாய ஏ.எம்.சி. என்று எங்காவது பொடி எழுத்தில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.

இனி அந்த 15,000 ரூபாய் ஆள். வேண்டவே வேண்டாம். பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(ஏஏ) பிரிவு, முறையாக வாங்கியவர் பாதுகாப்புக்காக பேக்கப் நகல் எடுத்து வைக்க அனுமதிக்கிறது, உண்மைதான். ஆனால் அது உங்கள் கையில் உள்ள பிரதியிலிருந்து எடுக்கும் நகல். பஜாரில் பென் டிரைவில் வருவது யாரோ உடைத்த, யாருடையதோ பிரதி. திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கம்ப்யூட்டரில் ஓட்டினால் 63பி பிரிவு பாயும்: குறைந்தது 7 நாள் சிறை, அதிகபட்சம் 3 ஆண்டு; அபராதம் 50,000 முதல் 2 லட்சம் வரை. வியாபாரத்துக்கு அல்லாமல் பயன்படுத்தியவருக்குச் சிறையைத் தவிர்க்க அதில் ஒரு விலக்கு உண்டு. பிளேட் விற்கும் உங்களுக்கு அது கிடைக்காது. 2012-இல் சேர்த்த 65ஏ பிரிவு பூட்டை உடைப்பதையே குற்றமாக்குகிறது. உரிமை மீறும் நோக்கம் இருக்க வேண்டும் என்பதால் அங்கே வாதாட இடமுண்டு. வாதாடுவது ஜாமீன் மனுவோடு இருக்கும் என்பதுதான் சங்கடம். என் கட்சிக்காரர் ஒருவர் இப்படி கிராக் போட்டுவிட்டு, தன் பக்கம் இருந்த நல்ல கேஸையும் கெடுத்துக்கொண்டார். நோட்டீஸ் அனுப்ப வேண்டியவருக்கே நோட்டீஸ் வந்தது.

நுகர்வோர் ஆணையம் பற்றி. தொழிலுக்காக வாங்கியவர் நுகர்வோர் இல்லை என்பது பொது விதி. 2025 நவம்பரில் பாலி மெடிக்யூர் வழக்கில், தொழில் நடைமுறைகளுக்காக ஒரு கம்பெனி வாங்கிய சாஃப்ட்வேர் வணிக நோக்கமே என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. டீலர் அதைத்தான் நீட்டுவார். ஆனால் சுயதொழில் செய்து பிழைக்க மட்டுமே வாங்கிப் பயன்படுத்துகிறவருக்குச் சட்டத்திலேயே விலக்கு உண்டு. நம் கோவை பி.எஸ்.ஜி. நிறுவனத்தின் மெஷின் சம்பந்தப்பட்ட லக்ஷ்மி இன்ஜினியரிங் வழக்கில் (1995), மெஷினைத் தானே ஓட்டுகிறவர் உதவிக்கு ஒன்றிரண்டு பேரை வைத்துக்கொண்டாலும் நுகர்வோர்தான் என்றது உச்ச நீதிமன்றம். மெஷின் வாங்கியவர் அந்த வழக்கில் தோற்றார், அது வேறு. உங்களுக்கு இன்னும் நெருக்கமானது 2018-இன் பாரமவுண்ட் டிஜிட்டல் கலர் லேப் வழக்கு: வேலையில்லாப் பட்டதாரிகள் இருவர் கூட்டாக போட்டோ பிரிண்டிங் மெஷின் வாங்கினார்கள், அவர்கள் நுகர்வோரே என்று தீர்ப்பு. அண்ணன், தம்பி, ஒரு பையன் என்ற உங்கள் கணக்கு அதில் நன்றாகவே பொருந்துகிறது. நாலைந்து பேரைச் சம்பளத்துக்கு வைத்திருந்தால் இந்தப் பத்தியை எழுதியிருக்கவே மாட்டேன். ஒன்று மட்டும்: புகாரில் 'எங்கள் நிறுவனம்' என்று பெருமையாக எழுதாதீர்கள். பிரச்சனை எழுந்ததிலிருந்து 2 ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.

இன்வாய்ஸின் பின்பக்கத்தில் 'தகராறுகள் டெல்லி நீதிமன்றத்துக்கு உட்பட்டவை' என்று அச்சிட்டிருக்கிறதா? நுகர்வோர் புகாருக்கு அது தடையில்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். சிவில் வழக்கானால்தான் அந்த வரி தொல்லை கொடுக்கும். அந்த வழியில் போனால், கேட்கும் தொகை 3 லட்சத்தைத் தொடும்போது (2,80,000-உடன் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 3,30,400) அது வணிக நீதிமன்ற வழக்காகலாம். அவசர இடைக்கால உத்தரவு கேட்காதவரை, முதலில் சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் சமரசத்துக்குப் போயே ஆக வேண்டும். நோட்டீஸ் கண்டதும் பல டீலர்கள் அந்த மேஜையிலேயே இறங்கிவந்துவிடுகிறார்கள்.

சீசன் பற்றி மட்டும் கறாராகச் சொல்கிறேன். ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியான பிறகு சிவகாசியில் பிளேட் மெஷின் ஒரு நாள் நின்றாலும் ஆர்டர் பக்கத்துத் தெருவுக்குப் போய்விடும். கம்பெனியிடமிருந்து நாலைந்து நாளில் தற்காலிக லைசென்ஸ் வராவிட்டால், கேட்ட லைசென்ஸ் பணத்தைக் கட்டிவிடுங்கள், ஏ.எம்.சி. பாக்கியைக் கட்டாதீர்கள். பேங்க் வழியாகவே கட்டுங்கள். கட்டுவதற்கு முன் டீலருக்கும் கம்பெனிக்கும் ஒரு மின்னஞ்சல்: "2020-இல் வாங்கிய லைசென்ஸ் என்னிடம் உள்ளது. தொழில் நின்றுவிடாமல் இருக்க மட்டுமே, என் உரிமைகளை விட்டுக்கொடுக்காமல், எதிர்ப்புத் தெரிவித்து இந்தத் தொகையைச் செலுத்துகிறேன். திரும்பப் பெற நடவடிக்கை எடுப்பேன்." பணம் போவதற்கு முன்பே இது போயிருக்க வேண்டும். மறுநாள் அனுப்பினால், சம்மதித்து வாங்கிவிட்டு மனம் மாறியவர் என்பார்கள்.