இந்தியா, சீனா எண்ணெய்வித்து இழப்பு: அந்தக் கணக்கில் உங்கள் கடலைக்காய் எங்கே?

கேள்வி: வணக்கம் ஐயா. ஓமலூர் பக்கம் 3 ஏக்கரில் ஆடிப்பட்டத்துக்கு மானாவாரிக் கடலை போடுகிறேன். ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பின் கணக்கை வைத்து இந்தியா, சீனா எண்ணெய்வித்து இழப்பை வருட வாரியாகக் காட்டும் ஒரு படத்தைப் பையன் காட்டினான். இரண்டு கோடும் ஏறிக்கொண்டே போகிறது. வர வர நாம் மோசமாகிவிட்டோமா? எனக்கும் செம்மண் இறுகி, பறிப்பில் நிறைய காய் போகிறது.

பதில்: வணக்கம்ங்க. மோசமாகவில்லை, அந்தப் படத்தைப் பார்த்து மனசை விட வேண்டாம். அது டன் கணக்கு. விளைச்சல் கூடினால் அதில் ஒரு பங்காகப் போகும் இழப்பும் டன்னில் கூடத்தான் செய்யும். நம் நாட்டில் 1986-ல் எண்ணெய்வித்துத் தொழில்நுட்ப இயக்கம் வந்து பத்து வருடத்துக்குள் உற்பத்தி ஏறத்தாழ இரட்டிப்பானது. அதோடு பல நாடுகளில் இழப்பை யாரும் நேரில் அளப்பதில்லை, இத்தனை சதவீதம் போகும் என்று மதிப்பிட்டுத்தான் போடுகிறார்கள். அதனால் உற்பத்தியில் எத்தனை பங்கு போனது என்று பார்த்தால்தான் இரண்டு நாட்டையும் ஒப்பிட முடியும். அப்போதும் பயிர் ஒன்றாக இருக்க வேண்டும். எண்ணெய்வித்து என்ற தலைப்பில் சோயா, கடுகு, எள், தேங்காய் எல்லாம் சேர்ந்துவிடும், சீனாவோ வருடத்துக்குச் சுமார் 10 கோடி டன் சோயா இறக்குமதி செய்யும் நாடு, அதனால் அவர்கள் கணக்கில் சோயாவின் பங்கே பெரிது.

கடலையை மட்டும் எடுத்தால் உண்மையான வித்தியாசம் விளைச்சலில் இருக்கிறது. அங்கே ஹெக்டேருக்கு 3.5 டன்னுக்கு மேல் எடுக்கிறார்கள், நமக்கு 2 டன்னை ஒட்டித்தான் வருகிறது.

இன்னொன்று, அதுதான் உங்களுக்கு முக்கியம்: அந்தக் கணக்கு அறுவடை முடிந்த பிறகுதான் தொடங்குகிறது. செடியோடு காயைப் பிணைக்கும் விழுது அறுந்து மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும் காய் அதில் இல்லவே இல்லை. நம் சேலம் செம்மண்ணில் பெரிய இழப்பே அங்கேதானே! நீங்களே அளந்து பாருங்கள். செடி பிடுங்கிய இடத்தில் ஒரு மீட்டர் சதுரத்தைக் கொத்திக் கிளறி, கிடைக்கும் காயை உலர்த்தி எடை போடுங்கள். 25 கிராம் வந்தால் ஏக்கருக்கு 100 கிலோ மண்ணில் கிடக்கிறது என்று அர்த்தம். நாலைந்து இடத்தில் பார்த்து சராசரி எடுத்தால் சரியாக இருக்கும்.

நாட்களை மட்டும் எண்ணிக்கொண்டு பறிக்காமல், சில செடிகளைப் பிடுங்கிக் காயை உடைத்து, தோலின் உள்பக்கத்தைப் பாருங்கள். முக்கால்வாசிக் காயில் கருத்திருந்தால் பறிப்புக்குத் தயார். அதற்கு மேல் விட்டால் விழுது நைந்துபோகும், திக்கா எனும் இலைப்புள்ளி நோய் வந்த செடியில் இன்னும் சீக்கிரமாகவே. கிணற்றில் தண்ணீர் இருந்தால் பறிப்புக்கு முன் லேசாக ஒரு ஈரம் விடுங்கள், இல்லாவிட்டால் ஒரு மழை ஈரத்தைப் பார்த்துப் பிடுங்குங்கள். ஆனால் கொடியாகப் படராத ரகமான கொத்துக் கடலை முற்றியபின் அதை அடைமழையில் நிலத்தில் விட்டுவைக்கக் கூடாது, அதற்கு விதை உறக்கம் கிடையாது, காய்க்குள்ளேயே முளைத்துவிடும்.

பிடுங்கியதை ஈரத்தோடு அம்பாரம் போட வேண்டாம், காய் மேலே பார்க்கும்படி பரப்பிக் காயவிடுங்கள். ஈரப்பதம் 8 சதவீதத்துக்குக் கீழே இறங்காமல் மூட்டை கட்டினால் பூஞ்சை பிடித்து அஃப்ளாடாக்சின் நஞ்சு வரும். எடை குறையாது, விலை போய்விடும். நேரடியாகச் சாப்பிடும் கடலைக்கு ஐரோப்பாவில் கிலோவுக்கு 4 மைக்ரோகிராம்தான் வரம்பு. அப்புறம், பருப்பு உடையாமல் இருக்கும் என்று மில்லில் காய்மேல் தண்ணீர் தெளிப்பார்கள், அதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளவே வேண்டாம். விதைக்கு வைப்பதைக் காயாகவே வைத்திருந்து, விதைப்பு நெருங்கும்போது கையால் உடைத்துக்கொள்ளுங்கள்.